கரீபியன் கப்பல் பயணத்தில் ஒரு துறைமுக நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், கால்வெஸ்டன், சான் ஹுவான் போன்ற ஊர்களிலிருந்து கிளம்பும் ஏழு நாள் கப்பல்கள் பெரும்பாலும் மூன்று நான்கு தீவுகளில் நிற்கும். ஒவ்வொரு தீவிலும் கிடைப்பது ஒரு பகல்தான். அதை வீணடிக்காமலும் கப்பலைத் தவறவிடாமலும் கழிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

அட்டவணையில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று போட்டிருக்கிறது. முழுசாக ஒன்பது மணி நேரம் கிடைக்குமா?

கிடைக்காது. 8 மணி என்பது கப்பல் கரை சேரும் நேரம். கயிறு கட்டி, உள்ளூர் அதிகாரிகள் காகிதங்களைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் இறங்கும் வழி திறக்கும். அதற்குள் 20 முதல் 40 நிமிடம் ஓடிவிடும். திறந்ததும் முதல் அரை மணி நேரம் லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். 5 மணி என்பதும் கப்பல் நகரும் நேரமே. எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் வழக்கமாக அதற்கு அரை மணி முன்பு, சில துறைமுகங்களில் ஒரு மணி முன்பு. கேபினுக்கு வரும் அன்றைய நிகழ்ச்சித் தாளிலும் கப்பலின் செயலியிலும் அந்த நேரம் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கடைசி ஏறும் நேரம் 4.30 என்றால் கப்பல்துறை வாசலுக்கு 3.30-க்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன இடம் டாக்சியில் 25 நிமிடத் தூரம் என்றால், டாக்சி கிடைக்கும் நேரத்தையும் சேர்த்து 2.45-க்கு அங்கிருந்து எழ வேண்டும். ஈரத்துணி மாற்ற, பில் கட்ட, ஆளைத் தேட ஒரு 20 நிமிடம். ஆக 2.25-க்குத் தண்ணீரை விட்டு வெளியே. காலையில் 9.30-க்கு அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் கையில் இருப்பது ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஐந்து மணிக்குள் ஒரு வேலைதான் நிம்மதியாக நடக்கும். இரண்டு வேண்டுமானால் இரண்டாவது கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று வேண்டும் என்பவர்கள்தான் பொதுவாகத் துறையில் ஓடி வருபவர்கள்.

கைபேசி ஒரு நேரம் காட்டுகிறது, கப்பல் கடிகாரம் வேறு நேரம் காட்டுகிறது. எதை நம்புவது?

கப்பல் கடிகாரத்தை மட்டும். இந்தக் குழப்பத்துக்குக் காரணம், அமெரிக்கா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறது. பல கரீபியன் தீவுகள் அப்படிச் செய்வதில்லை. மெக்சிகோவின் கோசுமெல் தீவு இருக்கும் கின்டானா ரோ மாநிலம், கேமன் தீவுகள், ஜமைக்கா மூன்றும் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருப்பவை. குளிர்காலத்தில் மயாமியும் இவையும் ஒரே நேரம். கோடையில் இவை மயாமிக்கு ஒரு மணி நேரம் பின்னால். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன், சான் ஹுவான் பக்கம் நிலைமை தலைகீழ்: கோடையில் மயாமியோடு ஒத்துப்போகும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போகும். பஹாமாஸின் தலைநகரான நசாவுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அது மயாமியோடு சேர்ந்தே கடிகாரத்தை மாற்றுகிறது.

சில கப்பல்கள் தீவின் நேரத்துக்கு மாறும், சில புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே இருக்கும். கைபேசியோ உள்ளூர் கோபுரத்தைப் பிடித்ததும் தானே மாறிக்கொள்ளும். ஜூலையில் மயாமியிலிருந்து கோசுமெல் போன கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தால், கைபேசியில் 3.30 காட்டும்போது கப்பலில் 4.30. ஒரு மணி நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது. கைபேசியில் தானாக நேரம் மாறும் அமைப்பை அணைத்து வைத்தாலும் சரி. வெளியே பதிவு செய்த சுற்றுலா என்றால் அவர்கள் சொல்லும் 9 மணி எந்த 9 மணி என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

டெண்டர் துறைமுகம் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கப்பல் கரையில் கட்டப்படாமல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகள் நூறு, நூற்றைம்பது பேராக ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகும். கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனும் பெலீஸ் நகரமும் இப்படித்தான். ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது; மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அங்கே இன்னும் படகுதான். பெலீஸில் கரையோரக் கடல் ஆழமில்லாததால் கப்பல் வெகு தொலைவில் நிற்கும்; படகுப் பயணமே 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

படகுக்கு எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா எடுத்தவர்களும் பெரிய அறைக்காரர்களும் முதலில். மற்றவர்கள் கரை சேர ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அதனால் டெண்டர் துறைமுகத்தில் வெளியாரிடம் காலை 8.30-க்குப் பதிவு செய்வது வேண்டாத வேலை. 10 மணிக்கு மேல் வையுங்கள். திரும்பும்போது கப்பல் புறப்படும் நேரத்தை மறந்துவிட்டு, கடைசிப் படகின் நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு மணியில் வரிசை வெயிலில் நீளும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். அலையில் படகு ஏறி இறங்கும். ஊழியர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடியில் காலை வைக்கச் சொல்வார்கள். சக்கர நாற்காலியை அலை அதிகமுள்ள நாளில் ஏற்ற மாட்டார்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா எடுப்பதா, வெளியே பதிவு செய்வதா?

வெளியே விலை குறைவு, கூட்டமும் குறைவு. கப்பல் சுற்றுலாவில் கூடுதல் காசுக்குக் கிடைப்பது ஒரே ஒரு உத்தரவாதம்: பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்த உத்தரவாதம் தேவைப்படும் இடத்தில் மட்டும் காசைக் கொடுங்கள். இடையில் படகுப் பயணம் இருக்கிறதா, இடம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூரமா, மலைப்பாதையா? அப்படியானால் கப்பல் சுற்றுலா. கப்பல்துறையிலிருந்து 20 நிமிடத்தில் உள்ள கடற்கரையா? டாக்சியே போதும்.

வெளியாரிடம் பதிவு செய்யும்போது ஒரு வாசகம் முக்கியம்: கப்பல் அன்று துறைமுகத்துக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுத்தில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

கரைக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

கப்பல் அட்டை, புகைப்படம் உள்ள ஒரு அடையாள அட்டை, ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம், ஒரு கடன் அட்டை, தண்ணீர், அன்றாடம் போடும் மாத்திரையில் ஒரு நாளைக்குக் கூடுதலாக. நிகழ்ச்சித் தாளின் அடியில் அந்த ஊர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண் சிறு எழுத்தில் இருக்கும். அதையும் படம் எடுங்கள். கைபேசி தண்ணீரில் விழலாம் என்பதால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் போட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் அசலைக் கேபினின் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போவதுதான் கடற்கரை நாளுக்குச் சரி. உப்புத் தண்ணீரும் திருட்டும் இரண்டுமே உண்மையான ஆபத்துகள். கப்பலே அசலைக் கொண்டுபோகச் சொல்லும் தீவுகள் உண்டு, அங்கே கொண்டுபோங்கள். தீவின் மறுகோடி வரை தனியாகப் போகிறவர்களும் நீர் புகாத உறையில் அசலை வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிள், வாழைப்பழம், சாண்ட்விச் எதையும் காலை உணவு மேசையிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். பயிர்நோய் பரவும் என்பதால் பல தீவுகளில் இதற்குத் தடை. உறை பிரிக்காத பிஸ்கட், முறுக்கு பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம். ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிறோம். துறைமுகத்தில் இறங்கலாமா?

இறங்குவதைவிடத் திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைவதுதான் பெரிய கேள்வி. கப்பல் நசாவைத் தொட்ட உடனேயே நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போனவர்கள். பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத, பலமுறை நுழையும் விசா முத்திரை இருந்தால் கவலையில்லை. ஒருமுறை மட்டும் நுழையும் சுற்றுலா விசாவில் ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. திரும்பும்போது அவர்களிடம் செல்லுபடியாகும் விசா இருக்காது.

முத்திரை காலாவதியாகி, எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவான ஐ-94 மட்டும் உயிரோடு இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 30 நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையை ஏற்கும் தானியங்கி மறுசெல்லுபடி விதி ஒன்று உண்டு. ஹெச் விசாக்காரர்களுக்கு அது கனடா, மெக்சிகோ பயணத்துக்கு மட்டுமே. மாணவர்களின் எஃப் விசாவுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்களின் ஜே விசாவுக்கும் பக்கத்துத் தீவுகள் சிலவும் சேரும். கப்பல் கோசுமெல்லோடு நசாவிலும் நின்றால் ஹெச் விசாக்காரருக்கு இந்த விதி உதவாது. பயணத்துக்கு முன் வழக்கறிஞரிடம் கேட்பது ஏழு நாள் கட்டணத்தைவிட மலிவு.

தீவுகளின் விசா விதி ஊருக்கு ஊர் மாறும். ஜமைக்காவும் பார்படோஸும் இந்தியர்களிடம் சுற்றுலாவுக்கு விசா கேட்பதில்லை. மெக்சிகோ, செல்லுபடியாகும் அமெரிக்க விசாவை ஏற்கிறது. மார்ட்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்சின் பகுதிகள்தான், ஆனால் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் வராதவை; அவற்றுக்குத் தனி விதி. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் மேசையில் அந்தத் தாள்தான் பேசும்.

டாக்சி எப்படிப் பேசுவது?

மீட்டர் கிடையாது. பெரும்பாலான தீவுகளில் அரசு நிர்ணயித்த கட்டணம், கப்பல்துறை வாசலில் பலகையாக இருக்கும். ஏறும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டிக்கா, தலைக்கா? எந்த டாலர்? ஒரு வழியா, இரு வழியா? கோசுமெல்லில் நான்கு பேர் வரை வண்டிக்கு ஒரே கட்டணம். செயின்ட் தாமஸில் தலைக்கு இவ்வளவு. அங்கே லாரியின் பின்பக்கம் பெஞ்சு போட்ட திறந்த வண்டி, ஆள் நிறையும் வரை கிளம்பாது. நான்கு பேர் குடும்பம் தலைக்கு 12 டாலர் என்பதை வண்டிக்கு 12 என்று நினைத்து ஏறினால் இறங்கும்போது 48 கேட்பார்கள். அவர் ஏமாற்றவில்லை, பலகையில் உள்ளதுதான்.

திரும்பும் பயணத்துக்கும் முன்பே பணம் கொடுத்துவிடாதீர்கள். "நானே வந்து கூட்டிப்போகிறேன்" என்பவர் பெரும்பாலும் வருவார். வராத நாளில் இரண்டு முறை கொடுப்பது நீங்கள்.

எல்லா இடத்திலும் அமெரிக்க டாலர் செல்லுமா?

கடை, டாக்சி, கடற்கரை எல்லாவற்றிலும் ஏறக்குறையச் செல்லும். மீதிச் சில்லறை உள்ளூர்ப் பணத்தில் வரும், அதனால்தான் சின்னத் தாள்கள். பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் சமம். பார்படோஸ், பெலீஸ் டாலர்கள் இரண்டு சேர்ந்தால் ஒரு அமெரிக்க டாலர். செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் தீவுகளின் கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 சேர்ந்தால் ஒரு அமெரிக்க டாலர். சின்ட் மார்ட்டனிலும் குராசாவிலும் 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் என்ற புதிய பணம் வந்திருக்கிறது.

ஏமாற வாய்ப்புள்ள இடம் கேமன். அங்கே உள்ளூர் டாலர் அமெரிக்க டாலரைவிடப் பெரியது. உணவுப் பட்டியலில் 10 என்று இருந்தால் அது பெரும்பாலும் கேமன் டாலர், கடைக்காரர் 0.80 விகிதத்தில் கணக்கிட்டு 12.50 அமெரிக்க டாலர் வாங்குவார். மலிவு என்று நினைத்துக் குடும்பத்தோடு சாப்பிட்டவர்கள் பில்லைப் பார்த்து இரண்டாவது முறை கூட்டிப் பார்ப்பார்கள்.

கோசுமெல்லில் ஒரு நாள் என்றால் என்ன செய்யலாம்?

முதலில் கப்பல் எந்தத் துறையில் கட்டப்படுகிறது என்று பாருங்கள். மூன்று உண்டு. புன்டா லாங்கோஸ்டா, சான் மிகெல் ஊருக்குள்ளேயே இருக்கிறது, இறங்கினால் கடைத்தெரு. சர்வதேசத் துறையும் புவெர்ட்டா மாயாவும் ஊருக்குத் தெற்கே நான்கைந்து கிலோமீட்டரில். கட்டணம் கட்டி நாள் முழுக்க இருக்கும் கடற்கரை விடுதிகள் இன்னும் தெற்கே. ஆகவே புவெர்ட்டா மாயாவில் இறங்கியவர்களுக்குக் கடற்கரை பக்கம், ஊர் சற்றுத் தள்ளி.

தீவின் பெருமை தண்ணீருக்கு அடியில்தான். மெசோஅமெரிக்கன் பவளத்திட்டின் பகுதியான பலன்கார் போன்ற திட்டுகள் மேற்குக் கரையை ஒட்டியே கிடக்கின்றன. நீச்சல் தெரியாதவர்கள்கூட மிதவைச் சட்டை போட்டு, முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி பார்க்கலாம். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வருகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். பாதி நேரம் காரணம், கண்ணாடியின் ரப்பர் ஓரத்துக்கு அடியில் நெற்றி முடி சிக்கியிருப்பது. மீசையும் அதே வேலையைச் செய்யும். வாரை இறுக்கினால் இன்னும் அதிகமாகத்தான் ஒழுகும். முடியை விலக்கி, வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கண்ணாடி ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள்.

மாயா இடிபாடு பார்க்க வேண்டும் என்றால் தீவிலேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வழிபட யாத்திரை வந்த இடம். சின்ன இடிபாடுகள், நிழல் உண்டு, கொசு அதைவிட அதிகம் உண்டு. காலையிலேயே போங்கள். கடலோரப் பாறை மேல் நிற்கும் துலும் இடிபாடுகள் எதிர்க்கரையில். படகில் பிளாயா டெல் கார்மெனுக்கு 45 நிமிடம், அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரம், காத்திருப்புகளையும் சேர்த்தால் போகவே இரண்டரை மணி. சொந்தமாகப் போக வேண்டாம். காற்று பலமானால் துறைமுகத் தலைமை அலுவலகம் படகுகளை நிறுத்திவிடும். நீங்கள் அந்தக் கரையில், கப்பல் இந்தக் கரையில்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

கூடாது என்பதே எங்கள் கருத்து. நீச்சல் உடையில், பழக்கமில்லாத வண்டியில், பெயின்ட் அடிக்காத வேகத்தடை மேல் விழுபவர்கள் அதிகம். வாடகைக் காப்பீடு வண்டிக்குத்தான், உங்கள் காலுக்கு அல்ல. கார் அல்லது ஜீப் பரவாயில்லை. எடுத்ததும் நான்கு பக்கமும் கீறல்களைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேமன், பஹாமாஸ், பார்படோஸ், ஜமைக்காவில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். செயின்ட் தாமஸ் மட்டும் விசித்திரம்: சாலையில் இடப்பக்கம், ஸ்டீயரிங்கும் இடப்பக்கம். வளைவில் எதிரே வருவது தெரியாது.

சின்ட் மார்ட்டனில் விமானம் தலைக்கு மேல் போகும் கடற்கரைக்குப் போய் வர நேரம் இருக்குமா?

இருக்கும். மாஹோ கடற்கரை, பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் ஓடுபாதை தொடங்கும் இடத்தை ஒட்டியது. பிலிப்ஸ்பர்க் துறையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். காலையில் அரை மணியில் போய்விடலாம். மாலையில் திரும்பும்போது ஒரு மணிக்கு மேல் ஆகலாம். வழியில் சிம்சன் பே தூக்குப்பாலம் உல்லாசப் படகுகளுக்காகக் குறித்த நேரங்களில் திறக்கும். அப்போது இரு பக்கமும் வண்டிகள் நிற்கும். பாலம் திறக்கும் நேரத்தை டிரைவரிடம் கேட்டு அதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.

தரையிறங்கும் விமானத்தைப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. கிளம்பும் விமானத்தின் பின்னால் வேலிக் கம்பியைப் பிடித்து நிற்பதுதான் ஆபத்து. 2017 ஜூலையில் நியூசிலாந்துப் பெண் ஒருவர் எஞ்சின் காற்றில் தூக்கி எறியப்பட்டு இறந்தார். எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருக்கிறது, அதன் முன்னால் நின்று படமும் எடுக்கிறார்கள். விமானம் கிளம்பும்போது மணல் கூட ஊசியாகக் குத்தும். குழந்தைகளைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

டாக்சியே இல்லாமல் நடந்து பார்க்கக்கூடிய துறைமுகம் எது?

சான் ஹுவான் பழைய நகரம் முதலிடம். கப்பலிலிருந்து இறங்கிக் கல் பாவிய தெருக்கள் வழியாக எல் மோரோ கோட்டைக்கு நடந்தே போகலாம். மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் மதியம் வரும் கப்பல்காரர்கள் நேராக அங்கே போங்கள். நசாவில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையை வெட்டிச் செய்த ராணிப் படிக்கட்டு நடக்கும் தூரம். பிலிப்ஸ்பர்க்கின் கிரேட் பே கடற்கரைக்கு 20 நிமிட நடை அல்லது தண்ணீர் டாக்சி.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கரையில் என்ன கிடைக்கும்?

மெக்சிகோவில் மசித்த பீன்ஸ் சைவம் போலத் தெரியும். பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் வழக்கம். "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல், "சின் மன்டேகா" என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல், "சின் கால்டோ தெ பொயோ" என்றால் கோழிச் சாறு இல்லாமல். மூன்றையும் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் மற்ற இரண்டும் தட்டில் வந்துவிடும். தீவுகளில் கீரைக் குழம்பான கல்லலூவில் நண்டோ உப்புப் பன்றியோ இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

ஜமைக்காவில் ரஸ்தஃபாரிகளின் 'ஐட்டல்' உணவகம் கண்டால் உள்ளே போகலாம், இறைச்சி இருக்காது. டிரினிடாடில் இறங்கினால் 'டபுள்ஸ்': எண்ணெயில் பொரித்த 'பாரா' என்ற இரண்டு மெல்லிய ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி. காரம் கேட்டால் "கொஞ்சம்" என்றே சொல்லுங்கள். ஸ்காட்ச் பானெட் வகை மிளகாய் நம் குண்டூர் மிளகாயைச் சாதுவாக்கிவிடும். செயின்ட் தாமஸின் சார்லட் அமாலியிலும் சின்ட் மார்ட்டனின் பிலிப்ஸ்பர்க்கிலும் நகைக்கடை நடத்துபவர்களில் சிந்திகள் பலர். பக்கத்தில் இந்திய உணவகம் எது என்று அவர்களைக் கேட்பதே குறுக்குவழி.

குவாதலூப்பில் தமிழர் கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது. அடிமை முறை 1848-ல் ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கூலி ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853-ல் மார்ட்டினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் வந்தது. அந்த வழியினர் இன்று கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிறார்கள். பெயர்களில் மட்டும் தமிழ் கேட்கும்: சிதம்பரம், முத்துசாமி போன்றவை பிரெஞ்சு எழுத்தில். இந்தியர்களுக்கு வாக்குரிமை கேட்டு நெடுங்காலம் வழக்காடிய ஹென்றி சிதம்பரம், கப்பெஸ்டெர்-பெல்-ஓ ஊரைச் சேர்ந்தவர். அதே ஊரில் சாலையோரத்தில் சாங்கி கோயில் நிற்கிறது: வண்ணச் சுதைச் சிற்பங்களோடு, வாழைத் தோட்டப் பகுதியில். தெய்வம் மாரியம்மன்.

பாயின்ட்-ஆ-பித்ர துறையிலிருந்து ஏறக்குறைய அரை மணி முதல் முக்கால் மணி நேரக் கார் பயணம். நகரை விட்டு வெளியேறும் இடத்தில் நெரிசல் மோசம். அதற்குத் தனியாக அரை மணி வையுங்கள். தனியார் வழிபாட்டு இடம் என்ற மரியாதையோடு, செருப்பைக் கழற்றி, அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உணவகத்தில் 'கொலம்போ' என்று கேளுங்கள்: மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் அரைத்த பொடியில் செய்த குழம்பு, ஆட்டிறைச்சியோ கோழியோ போட்டு. சாப்பிட்டதும் யார் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். ரொக்கம் யூரோவாக இருக்கட்டும்.

கடற்கரையில் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

சுறாவை விட்டுவிடுங்கள். மான்சினீல் மரத்தைப் பாருங்கள். மணலோரத்தில் நல்ல நிழல் தரும், பளபளக்கும் பச்சை இலை, கீழே சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய்கள் உதிர்ந்து கிடக்கும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம். காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கினால் இலையிலிருந்து வடியும் தண்ணீரே புண்ணாக்கும். பல தீவுகளில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்திலும் இருக்காது. யாரும் உட்காராத நிழல் ஒன்று காலியாக இருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கேமனின் ஸ்டிங்ரே சிட்டி இடுப்பளவுத் தண்ணீர் உள்ள மணல்திட்டு. மீனவர்கள் அங்கே நிறுத்தி மீன் கழுவியதால் திருக்கை மீன்கள் கூடிப் பழகிவிட்டன. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள்; மிதித்தால்தான் வால் முள் பாயும். அவற்றையோ நட்சத்திர மீனையோ தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள்.

சர்கஸம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் பெருமளவில் ஒதுங்குகிறது, முக்கியமாக வசந்தம், கோடையில். கிழக்கு நோக்கிய கரைகளில்தான் குவியும்; கோசுமெல்லின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும்.

வெயில் பூச்சுக்கும் சட்டம் உண்டு. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் உள்ள பூச்சுகளை அமெரிக்க விர்ஜின் தீவுகள் 2020-ல் தடை செய்தன. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிடச் சுலபம் முழுக்கை நீச்சல் சட்டை. குப்புற மிதப்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் கருகும்.

உடையில் ஏதாவது கட்டுப்பாடு?

ராணுவப் புள்ளித் துணி கூடாது. பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, டிரினிடாட் போன்ற நாடுகளில் அது சட்டப்படி குற்றம், குழந்தையின் தொப்பிக்கும் சேர்த்து. நீச்சல் உடையோடு கடைத்தெருவில் நடப்பதும் பல தீவுகளில் மரியாதைக் குறைவு.

கப்பலில் பரிந்துரைத்த நகைக்கடையில் வாங்கலாமா?

பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறக் கடைகள் பணம் கட்டுகின்றன. இலவச வளையல், இலவசத் தொங்கட்டான் எல்லாம் உங்களை உள்ளே வரவழைக்க. வைரம், டான்சனைட் விலையை ஊரில் விசாரிக்காமல் வாங்க வேண்டாம்.

கப்பலைத் தவறவிட்டால்?

வரப்போவதில்லை என்று தெரிந்தால் கப்பல் ஊழியர்கள் உங்கள் கேபினைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பெட்டக எண் போட்டுப் பூட்டியதையும் அவர்களால் திறக்க முடியும். ஆகவே முதலில் முகவரை அழையுங்கள். அடுத்த துறைமுகத்துக்கான விமானம், தங்குமிடம், உணவு எல்லாம் உங்கள் செலவு. அடுத்த நாட்டுக்கு விமானத்தில் நுழைய விசா வேண்டுமா என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வரும். கப்பலில் வந்தால் கிடைக்கும் சலுகை விமானத்தில் வருபவருக்குக் கிடைக்காமல் போகலாம். பாஸ்போர்ட் இல்லாமல் பிறப்புச் சான்றிதழோடு ஏறிய அமெரிக்கக் குடிமக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

துறைமுகத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்புமா?

துறைமுகக் கட்டணமும் கப்பல் சுற்றுலாவின் பணமும் கணக்கில் வரவு வைக்கப்படும். பயணக் கட்டணத்தில் எதுவும் குறையாது. வழியை மாற்றும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். குளிர்காலத்தில் கோசுமெல்லை 'நோர்த்தே' எனும் வாடைக் காற்று மூடும். டெண்டர் துறைமுகங்கள் சுமாரான அலைக்கே ரத்தாகும்.

இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால்?

தாராளமாக. நீச்சல் குளம் காலி, சாய்வு நாற்காலி தேடி அலைய வேண்டாம், உடம்புபிடி நிலையத்தில் துறைமுக நாள் தள்ளுபடியும் இருக்கும். சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மட்டும் துறையில் நிற்கும்போது மூடியிருக்கும்.

கரையில் வாங்கியதில் எதைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள்?

மதுப் புட்டியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி இரவு கேபினுக்கு அனுப்புவார்கள். கத்தி, வாள், ஈட்டி வகைப் பரிசுப் பொருட்களுக்கும் அதே கதி. பழம், செடி, மண் எதையும் அமெரிக்கச் சுங்கம் விடாது. பவளம், பெரிய சங்கு இரண்டும் பன்னாட்டு உயிரினப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் வருபவை. கடற்கரையில் பொறுக்கியதானாலும் விட்டுவிடுங்கள். கியூபா சுருட்டுக்கு 2020 முதல் மீண்டும் தடை. அமெரிக்காவில் வசிப்பவருக்குப் பொதுவான வரிவிலக்கு 800 டாலர். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் வாங்கியவற்றுக்கு 1,600 டாலர் வரை. ரசீதுகளைத் தீவு வாரியாகப் பிரித்து வையுங்கள்.

கைபேசியை எப்போது விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும்?

கப்பல் துறையை விட்டு நகர்வதற்கு முன்பே. கரை கோபுரம் விலகியதும் சில நிமிடங்களில் கைபேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் வெளிநாட்டுத் திட்டத்தில் சேராது, நிமிடத்துக்குப் பல டாலர். மெக்சிகோவில் பல அமெரிக்கத் திட்டங்கள் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். கேமனிலும் மற்ற தீவுகளிலும் செய்யுமா என்று நிறுவனத்தின் பட்டியலில் நாட்டுப் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே டேட்டாவைத் திறங்கள். வரைபடத்தை முந்தின இரவே கப்பலில் இறக்கி வைத்தால் அதுவும் தேவைப்படாது.